நாற்காலி கிடைத்தது, அதிகாரம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: தலைமைப் பொறுப்பில் பெண்கள்

கே: நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒன்பது பேருக்கு இன்று நான் டீம் லீடர். இந்தப் பதவியை எதிர்பார்த்திருந்த மூத்தவர் ஒருவர் எதற்கும் என்னிடம் வராமல் நேரே மேலதிகாரியிடம் போய்விடுகிறார். மேலதிகாரியும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். என்ன செய்வது?

ப: தவறில் பாதிதான் அந்த மூத்தவருடையது, மீதி உங்கள் மேலதிகாரியுடையது. போனால் வேலை முடிகிறது என்னும்வரை அவர் போய்க்கொண்டுதான் இருப்பார். எனவே முதல் பேச்சு மேலதிகாரியிடம், அதையும் புகாராகக் கொண்டுபோக வேண்டாம்.

பதவி உயர்வுக் கடிதத்தில் பதவியின் பெயரும் சம்பளமும் இருக்கும். எதை யார் முடிவு செய்வது என்பது பெரும்பாலும் இருக்காது. அதை ஒரு பக்கத்தில் நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். நான்கு விஷயம் போதும்: எத்தனை நாள் வரையிலான விடுப்பை நீங்களே அனுமதிக்கலாம், எவ்வளவு தொகை வரை செலவுக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம், வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் கெடுவைத் தள்ளிவைப்பதும் யார் பொறுப்பு, ஆண்டு மதிப்பீட்டில் முதலில் மதிப்பெண் போடுவது யார். நான்காவதை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் வேறொருவர் கையில் இருந்தால் குழுவின் கண் அவர் மேல்தான் இருக்கும். பேசி முடிவானதை அன்றே, ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள். குழுவுக்கு அதை மேலதிகாரியே அறிவிக்கட்டும்.

அடுத்து அந்த மூத்தவர். முதல் குழுக் கூட்டத்துக்கு முன்பே அவரோடு தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். ‘உங்களுக்குத்தான் சார் வந்திருக்கணும், எனக்கே சங்கடமா இருக்கு’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பணிவு என்று நினைத்துச் சொல்வீர்கள். மறுநாள் அது ‘அவங்களே ஒத்துக்கிட்டாங்க’ என்று அலுவலகத்தைச் சுற்றிவரும். அவருக்கு என்று முழுப் பொறுப்புள்ள ஒரு பகுதியைக் கொடுங்கள்: ‘சார், வாடிக்கையாளர் புகார்கள் முழுக்க நீங்க பாருங்க, அதுல முடிவு உங்களோடது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள நிலவரம் மட்டும் எனக்கு வேணும்.’ எல்லை, முடிவெடுக்கும் உரிமை, கெடு மூன்றும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். அதன்பிறகும் அவர் மாடிப்படி ஏறினால் மேலதிகாரி ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: ‘மேடத்துக்கிட்ட பேசிட்டீங்களா?’ நான்கைந்து முறை இதே கேள்வி வந்தால் அந்த வழி தானாக அடைபடும். மேலதிகாரி மறந்துபோய் ஏதாவது முடிவு சொல்லிவிட்டால் குழு முன்னால் அதைப் புரட்டிப் போடாதீர்கள். தனியே போய், அடுத்த முறை உங்களிடம் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

மற்ற எட்டுப் பேருக்கும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆளுக்கு அரை மணி. எல்லாரிடமும் அதே கேள்விகள்: எந்த வேலை இழுக்கிறது, எங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது, எதை நிறுத்தினால் யாரும் தேடமாட்டார்கள், அடுத்து என்ன கற்றுக்கொள்ள ஆசை. பதில்களில் அடிக்கடி வரும் ஒரு சின்னத் தொல்லையை முதல் மாதத்திலேயே நீக்கிவிடுங்கள். பெரிய மாற்றம் எதையும் அதுவரை தொட வேண்டாம்.

புதிதாகப் பொறுப்பேற்கும் பெண்கள் அதிகம் வழுக்கும் இடம் வேறு. தகுதியை நிரூபிக்கிறேன் என்று பிறர் வேலையை இரவில் உட்கார்ந்து திருத்துவது. குழு அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும், அரைகுறையாக அனுப்பத் தொடங்கிவிடும். மூன்றாம் மாதத்திலும் உங்கள் நேரத்தில் பாதி பழைய வேலைக்கே போகிறது என்றால் நீங்கள் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள்.

கே: கூட்டத்தில் நான் சொல்வதை யாரும் கண்டுகொள்வதில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால் ‘நல்ல ஐடியா’ என்கிறார்கள். சத்தமாகப் பேசப் பழக வேண்டுமா?

ப: சத்தம் உதவாது. யோசனை கூட்டத்துக்கு முன்பே உங்கள் பெயரோடு போய்ச் சேர வேண்டும். முந்தின நாள், கூட்டத்தை நடத்துபவருக்கு மூன்று வரி: பிரச்சினை இது, என் யோசனை இது, கூட்டத்தில் இந்த முடிவு வேண்டும். நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரைப் போட்டு அதற்கு ஒரு வரிசை எண் கேளுங்கள். கூட்டக் குறிப்பில் ‘முன்மொழிந்தவர்’ என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பத்தி பல தலைவலிகளைத் தீர்க்கிறது, ஏனென்றால் எழுதுகிறவர் ‘இதை முதலில் சொன்னது யார்?’ என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகையில் வேலை செய்த பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்ததாக 2016-ல் செய்தி வந்தது. ஒருவர் நல்ல கருத்துச் சொன்னால் இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லி அதைத் திரும்பச் சொல்வார். கூட்டுக்கு ஒரே ஒருவர் கிடைத்தாலும் இதைச் செய்யலாம். அவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கூட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்த் தோன்றும்போது செய்யலாம் என்றால் நடக்காது.

இடைமறித்தால்: ‘இன்னும் ரெண்டு வரி இருக்கு, முடிச்சிட்டு உங்ககிட்ட வரேன்.’ குரலை ஏற்றாமல், அதே வேகத்தில் தொடருங்கள். உங்கள் யோசனை இன்னொருவர் வாயிலிருந்து வந்தால் உரிமைச் சண்டை போடாமல் அடுத்த படியைப் பிடியுங்கள்: ‘நான் முதல்ல சொன்னதை சாரும் ஆதரிக்கிறார். வேலைத் திட்டத்தை நான் வியாழக்கிழமை அனுப்பறேன்.’ வேலைத் திட்டம் யார் கையில் இருக்கிறதோ யோசனை அவருடையதாகிவிடும். ‘தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க’ என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கூட்டத்தை நீங்களே நடத்தினால், பேசும் வரிசையை இளையவரிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு முடிந்துவிடும்.

கே: குறிப்பு எடுப்பது, பிரிவு உபசாரம், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுற்றிக் காட்டுவது எல்லாம் என் தலையில். மறுத்தால் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்கிறார்கள்.

ப: இதற்கு ஆய்வுலகில் பெயரே இருக்கிறது: பதவி உயர்வு தராத வேலை. லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் இப்படிப்பட்ட வேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 48 சதவீதம் அதிகமாகத் தாமே முன்வந்தார்கள். ‘செய்கிறாயா’ என்று கேட்கப்பட்டதும் பெண்கள்தான் 44 சதவீதம் அதிகம். கேட்டபோது பெண்களில் 76 சதவீதம் சம்மதித்தார்கள், ஆண்களில் 51 சதவீதம். இதைவிடச் சுவாரசியமான செய்தி ஒன்று அதில் உண்டு. பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழுவைப் பிரித்தால், தாமே முன்வருவதில் இருந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆக, பெண்களுக்கு இதில் தனி விருப்பம் ஒன்றும் கிடையாது. அவர்கள் கை தூக்குவார்கள் என்று அறை முழுக்க எதிர்பார்க்கிறது, கை தூக்கிவிடுகிறார்கள்.

இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள். நாள், வேலை, நிமிடம், கேட்டது யார், இது உங்கள் மதிப்பீட்டில் எந்தத் தலைப்பில் வரும். ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்தக் காலிக் கட்டம்தான் உங்கள் வாதம். ‘எனக்கு வேலை அதிகம்’ என்று போனால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். ‘வாரத்தில் ஐந்தரை மணி நேரம் இதற்குப் போகிறது, காலாண்டு அறிக்கையை நான் முடிக்க வேண்டுமானால் இதில் எதை யாருக்கு மாற்றலாம்?’ என்று கேட்டால் தேதியும் பெயரும் கிடைக்கும். வேலையை முழுக்க மறுப்பதைவிடச் சுழற்சி கேட்பது எளிது. பெயர் அகர வரிசையில் மாதம் ஒருவர், தொடங்குவது மேலதிகாரியிடமிருந்து.

தலைவராக இருப்பவர்களுக்கு ஒரு வரி: ‘யார் செய்றீங்க?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெயர் சொல்லி, முறை வைத்து ஒப்படையுங்கள்.

கே: என் மதிப்பீட்டில் ‘அணுகுமுறை கடுமை’ என்று எழுதியிருக்கிறார்கள். இலக்குகள் அனைத்தையும் எட்டியிருக்கிறேன்.

ப: குணத்தைப் பற்றிய சொல்லைச் சம்பவமாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த நாள், எந்தக் கூட்டம், நான் சொன்ன சொல் என்ன, அதனால் எந்த வேலை கெட்டது, அதே இடத்தில் எப்படிச் சொல்லியிருக்கலாம். இரண்டு சம்பவமாவது வந்தால் அதில் உண்மை இருக்க வாய்ப்புண்டு, எடுத்துக்கொண்டு திருத்துங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அந்த வரியை நீக்கவோ, உங்கள் மறுப்பையும் கோப்பில் சேர்க்கவோ எழுத்தில் கேளுங்கள். மதிப்பீடு கைக்கு வந்த ஓரிரு நாளில் இதைச் செய்வது நல்லது. சம்பள முடிவு உறுதியான பிறகு யாரும் கோப்பைத் திறக்க விரும்பமாட்டார்கள்.

கே: தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் ஒரு பிரிவுக்கு என்னைத் தலைவராக்க அழைக்கிறார்கள். நண்பர்கள் ‘பலியாடு ஆக்குகிறார்கள்’ என்கிறார்கள். வாய்ப்பை விடவும் மனமில்லை.

ப: நண்பர்களின் சந்தேகத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பெண்களுக்கு மேலே போக முடியாமல் தடுக்கும் ‘கண்ணாடிக் கூரை’ என்ற சொல்லை மேரிலின் லோடன் 1978-ல் பயன்படுத்தினார். 2005-ல் மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்தார்கள்: ‘கண்ணாடி விளிம்பு’, அதாவது விழ வாய்ப்புள்ள இடமாகப் பார்த்துப் பெண்களை ஏற்றிவிடுவது. பிரிட்டனின் பெரிய நிறுவனங்களை அவர்கள் பார்த்தபோது, பங்கு விலை பல மாதம் சரிந்துகொண்டிருந்த நிறுவனங்களே இயக்குநர் குழுவுக்குப் பெண்களை எடுத்த போக்குத் தெரிந்தது. எல்லா நாட்டிலும் எல்லாத் தொழிலிலும் இது அப்படியே வரவில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டிய அபாயம்.

அதற்காக மறுக்க வேண்டுமா? கட்டாயமில்லை. சரிந்த பிரிவை நிமிர்த்தியவர் என்ற பெயர் பத்து வருட நல்ல பிரிவு அனுபவத்தைவிடச் சில நேரம் தூக்கிவிடும். சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பேரம் பேசும் பலம் அந்த ஒரு வாரம்தான் இருக்கும், கடிதத்தில் கையெழுத்து விழுந்ததும் அது போய்விடும்.

கடந்த 24 மாதக் கணக்கை மாத வாரியாக வாங்குங்கள். ஆண்டு மொத்தம் மட்டும் கொடுத்தால் சரிவு எப்போது தொடங்கியது என்பது மறைந்துவிடும். நஷ்டம் பிரிவுக்குள் உண்டாகிறதா, தலைமையகச் செலவைப் பங்கு போட்டுத் தலையில் கட்டியதால் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் எண் அசையாது. முன்பு இருந்த தலைவரிடம் பேச முடிந்தால் அரை மணி பேசுங்கள். ‘ஏன் போனீர்கள்?’ என்று கேட்டால் மழுப்புவார். ‘எதைக் கேட்டுக் கிடைக்காமல் போயிற்று?’ என்று கேளுங்கள், பட்டியலே வரும்.

பிறகு அதிகாரம். ஆள் சேர்க்க, மாற்ற உங்களுக்கு உரிமை உண்டா? விலை வைக்கும் முடிவு உங்களுடையதா? பட்ஜெட் முதல் ஆண்டுக்கு உறைந்து நிற்குமா, நடுவில் வெட்டப்படுமா? எதைக் கொண்டு அளப்பார்கள், எப்போது? சரிந்த பிரிவில் முதல் ஆறு மாதம் எண் இன்னும் கீழே போவது சகஜம், ஏனென்றால் வராக்கடன், விற்காத சரக்கு, போலியாகக் காட்டிய ஆர்டர் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே முதல் அளவீடு 12 மாதத்துக்கு முன் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். பிரிவை மூட நிறுவனமே முடிவெடுத்தால் உங்களுக்கு எந்தப் பதவி என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கேட்க மனம் கூசும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் 30 நாளுக்குள், பொறுப்பேற்ற தேதியில் பிரிவு எந்த நிலையில் இருந்தது என்று இரண்டு பக்க அறிக்கை எழுதி மேலே அனுப்புங்கள். நிலுவைத் தொகை, காலி இடங்கள், தாமதமான வேலைகள், நிலுவையிலுள்ள வழக்குகள், தேதியோடு. பழைய தலைவரைக் குறைகூறும் சொல் ஒன்றுகூட அதில் வேண்டாம். ஒரு வருடம் கழித்து ‘இவர் வந்த பிறகுதான் கெட்டது’ என்று யாராவது சொல்லும்போது உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்த இரண்டு பக்கம் மட்டுமே. அதிகாரம் பற்றிய கேள்விகளுக்கு ‘வாங்க, பாத்துக்கலாம்’ என்ற பதில்தான் வந்துகொண்டிருக்கிறது என்றால், நண்பர்கள் சொன்னது சரி.

கே: மனிதவளத் துறையில் இருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் கீழ்நிலையில் பெண்கள் 40 சதவீதம், மேலே விரல் விட்டு எண்ணலாம். ‘தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை’ என்கிறது நிர்வாகம். எங்கே தொடங்குவது?

ப: தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் தகுதி பெற்றிருந்தவர்கள் எத்தனை, அந்த ஆண்டு மேலே போனவர்கள் எத்தனை என்று ஆண், பெண் பிரித்து எழுதுங்கள். ஓர் உதாரணம்: முதல் நிலையில் 120 ஆண்கள், 80 பெண்கள். மேற்பார்வையாளராக உயர்ந்தவர்கள் 12 ஆண்கள், 5 பெண்கள். ஆண்களில் 10 சதவீதம், பெண்களில் 6.25 சதவீதம். 40 சதவீதமாக இருந்த பெண்கள் ஒரே படியில் 29 ஆகிவிட்டார்கள். அடுத்த படிகளில் எவ்வளவு நியாயமாக நடந்தாலும் அந்த 29 ஏறாது. அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும், வேலை பார்க்கும் பெண்களுக்கான லீன் இன் அமைப்பும் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை இதை ‘உடைந்த படி’ என்கிறது. 2024 அறிக்கையில், முதல் மேலாளர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்ந்தால் 81 பெண்கள். நிர்வாகம் மேல்மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஓட்டை தரைத்தளத்தில் இருக்கும்.

அந்தப் படியில் பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். மேலாளர் மனத்தில் தோன்றியதைச் சொல்கிறார் என்றால், அவரோடு அதிகம் பழகுபவர் பெயர்தான் வரும். பரிந்துரை கேட்பதை நிறுத்தி, தகுதி ஆண்டுகள் முடித்த அனைவரின் பட்டியலையும் நீங்களே அனுப்புங்கள். யாரை விடுகிறாரோ அவருக்கு எதிரே காரணம் ஒரு வரி எழுதட்டும். ‘இன்னும் பக்குவம் வரவில்லை’ என்பது செல்லாது, எந்த வேலை செய்து காட்டவில்லை என்பது வேண்டும். நேர்காணலில் எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. மூவர் கேட்டால் மூவரும் தனித்தனியே மதிப்பெண் எழுதி உறையில் போட்ட பிறகே வாய் திறக்க வேண்டும். பேசிவிட்டு எழுதினால் மூன்று மதிப்பெண்ணும் மூத்தவருடையதாகத்தான் இருக்கும்.

இறுதிப் பட்டியலில் ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பணி நியமனங்களை வைத்து ஸ்டெஃபானி ஜான்சன், டேவிட் ஹெக்மேன், எல்சா சான் 2016-ல் எழுதியதில், நால்வரில் ஒரே பெண் என்றால் அவர் தேர்வாகும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம், இரண்டாவது பெண் வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது என்றார்கள். ஒரே ஒருத்தி இருக்கும்போது எல்லாரும் பார்ப்பது அவள் வேறு மாதிரி இருப்பதைத்தான். சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு குழுவில் 15 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் தனி ஆட்களாக அல்ல, தங்கள் வகையின் சின்னங்களாகவே பார்க்கப்படுகிறார்கள்.

கே: இயக்குநர் குழுவில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வைத்தால் கீழே இருப்பவர்களும் தானாக உயர்வார்கள் அல்லவா?

ப: தானாக உயரவில்லை. நார்வே 2003-ல் சட்டம் செய்தது. 2008-க்குள் பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலருக்கும் குறைந்தது 40 சதவீதம் என்று அது நடைமுறைக்கும் வந்தது. இயக்குநர் நாற்காலிகள் நிறைந்தன, வந்த பெண்களின் தகுதியும் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த நிறுவனங்களில் கீழே வேலை செய்த பெரும்பாலான பெண்களின் நிலையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒதுக்கீடு வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன முதல் படியைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

கே: எனக்கு நல்ல வழிகாட்டிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். இருந்தும் ஐந்து வருடமாக அதே இடம்.

ப: வழிகாட்டி உங்களிடம் பேசுவார். நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்ல ஒருவர் வேண்டும். பெண்களுக்கு அறிவுரை நிறையக் கிடைக்கிறது, பரிந்து பேச ஆள் கிடைப்பதில்லை என்று ஹெர்மினியா இபாராவும் சக ஆய்வாளர்களும் 2010-ல் எழுதினார்கள். மூவரில் யாருக்குப் பதவி உயர்வுக் குழுவில் குரல் இருக்கிறது என்று பாருங்கள். அவரிடம் அறிவுரை கேட்பதை விட்டு நேரடியாகக் கேளுங்கள்: ‘அடுத்த காலிப் பதவிக்கு என் பெயரைச் சொல்வீங்களா? தயங்கினா, எந்த வேலையை நான் செஞ்சு காட்டினா சொல்வீங்க?’ அவர் சொல்லும் வேலையை முடித்ததும் ஒரு பக்கத்தில் முடிவுகளை எண்ணோடு எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் உங்களுக்காகப் பேசும்போது அவருக்குச் சரக்கு வேண்டும்.

கே: பதினான்கு பேர் குழுவுக்குத் தலைவர். மகப்பேறு விடுப்பில் போகப் போகிறேன். திரும்பி வரும்போது என் இடம் இருக்குமா?

ப: சட்டம் பதவியைக் காப்பாற்றும் இடங்களில்கூடக் கைநழுவுவது வேலைதான். பெயர்ப் பலகை அப்படியே இருக்கும், முக்கிய வாடிக்கையாளர் வேறொருவரிடம் போயிருப்பார்.

விடுப்புக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள், பிரசவம் நாள் பார்த்து வராது. உங்கள் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: நின்றுபோகலாம், பொறுப்பாளர் முடிவெடுக்கலாம், நீங்கள் திரும்பும்வரை யாரும் தொடக் கூடாது. மூன்றாவதில் இரண்டு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், வைத்தால் மீறுவார்கள். உங்கள் இடத்தில் அமர்பவரின் உத்தரவில் ‘தற்காலிகப் பொறுப்பு’ என்ற சொல்லும் முடிவுத் தேதியும் இருக்கட்டும். தேதி இல்லாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். வாடிக்கையாளர்களிடம் அவரை நீங்களே அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள், திரும்பும் மாதத்தையும் அங்கேயே சொல்லுங்கள். போகும் முன் அந்த ஆண்டில் வேலை செய்த மாதங்களுக்கு மதிப்பீட்டை முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாத வேலையைப் பன்னிரண்டு மாதத்தால் வகுத்து ‘சராசரி’ என்று போட்டுவிடுவார்கள்.

விடுப்பில் இருக்கும்போது தினமும் மின்னஞ்சல் பார்க்காதீர்கள். பாதி பார்த்தால் முடிவு உங்களுடையது போலவும் அவருடையது போலவும் ஆகி இரண்டு பக்கமும் கெடும். விருப்பமிருந்தால் மாதம் ஒரு முறை, அரை மணி, தொலைபேசி. திரும்பிய முதல் இரண்டு வாரம் பொறுப்பாளரோடு சேர்ந்து இருங்கள். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை முதல் முடிவுகள் உங்களிடம் என்று மேலதிகாரி ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். அதை எழுதிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான், விடுப்புக்குப் போகும் முன்பே.